பெர்லினில் முதல் நாள்: சுவரில் தொடங்கிச் சுவரில் முடியும் நடை

அக்டோபரில் பெர்லின் பல்கலைக்கழகங்களில் குளிர்காலப் பருவ வகுப்புகள் தொடங்கும். ஒரு வாரம் பத்து நாள் முன்பாகவே சென்னை, கோவை, திருச்சி, மதுரை என்று எல்லாப் பக்கமிருந்தும் மாணவர்கள் வந்து இறங்கிவிடுவார்கள். ஒரே விடுதியில் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்துவிட்டால் அடுத்த பேச்சே ஊரைச் சுற்றிப் பார்ப்பதுதான். நான் இங்கே படிக்க வந்து, வேலை கிடைத்து, அப்படியே தங்கிவிட்டவள். ஆண்டுதோறும் அப்படி ஒரு குழுவையாவது முதல் நாள் வெளியே கூட்டிப் போகிறேன்.

வருகிறவர்கள் கையில் பெரும்பாலும் ஒரு பட்டியல் இருக்கும். டிவி கோபுரம், அருங்காட்சியகத் தீவு, சார்லொட்டன்புர்க் அரண்மனை, செக்பாயின்ட் சார்லி, ஈஸ்ட் சைடு கேலரி, மிருகக்காட்சிசாலை. அத்தனையும் ஒரே நாளில். பெர்லினின் பரப்பு சுமார் 890 சதுர கிலோமீட்டர். சென்னை மாநகராட்சியைப் போல் இரண்டு மடங்கு. அந்தப் பட்டியலோடு கிளம்பினால் நாள் முழுவதும் பார்ப்பது சுரங்க ரயிலின் கறுப்புக் கண்ணாடியைத்தான்.

அதனால் முதல் நாளுக்கு நான் சொல்வது ஒரே ஒரு நடை. 1961 ஆகஸ்ட் 13 முதல் 1989 நவம்பர் 9 வரை இந்த ஊரின் நடுவே, கிழக்கு பெர்லினையும் மேற்கு பெர்லினையும் பிரித்து ஒரு சுவர் நின்றது. தன் மக்கள் மேற்கே தப்பிப் போகாமலிருக்கக் கிழக்கு ஜெர்மன் அரசு எழுப்பியது அது. அந்தச் சுவர் ஓடிய தெரு ஒன்றில் தொடங்கி, பழைய கிழக்கு பெர்லினுக்குள் நடந்து, மறுபடி சுவர் நின்ற இடத்துக்கே வந்து சேர்வோம். மொத்தம் சுமார் ஆறு கிலோமீட்டர். ஊர் எங்கே அறுபட்டது, எப்படி ஒட்டிக்கொண்டது என்று ஒருமுறை காலால் தெரிந்துகொண்டால் போதும். பிறகு எந்தத் தெருவில் நின்றாலும் ‘இது கிழக்கா, மேற்கா’ என்று கேட்கத் தோன்றும். அந்தக் கேள்வி வந்துவிட்டால் மீதி ஊரை நீங்களே பார்த்துக்கொள்வீர்கள்.

முந்தைய நாள் இரவே செய்ய வேண்டியவை

விமானம் இறங்கிய அன்றைக்கே கிளம்பாதீர்கள். அக்டோபர் கடைசி ஞாயிறு வரை இந்திய நேரம் இங்கத்தைவிட மூன்றரை மணி நேரம் முன்னால் இருக்கும், அதன்பின் நாலரை. இங்கே மாலை ஏழு என்றால் உடம்புக்கு இரவு பத்தரை. ஒரு இரவு தூங்கி எழுந்தவர்களுக்கே மாலையில் கண் சொருகும். இறங்கிய அன்று நடக்கவைத்தால் நாலு மணிக்கெல்லாம் பாதிப் பேர் பெஞ்சில் சாய்ந்துவிடுவார்கள்.

கிழமை பார்த்துக் கிளம்புங்கள். செவ்வாய் முதல் சனி வரை எந்த நாளும் சரி. திங்கட்கிழமை பல அருங்காட்சியகங்களுக்கு விடுமுறை. இந்த நடையில் வரும் இரண்டு கட்டடங்களும் அன்று மூடியிருக்கும். ஞாயிறு வேறு விதம். அருங்காட்சியகங்கள் திறந்திருக்கும், கடைகள் இருக்காது. பெரிய ரயில் நிலையங்களுக்குள் உள்ள சில கடைகள் தவிர சூப்பர்மார்க்கெட் எல்லாம் பூட்டியிருக்கும். சனிக்கிழமையே அரிசி பால் வாங்காமல் விட்டு, ஞாயிறன்று பிஸ்கட்டில் நாளை ஓட்டியவர்களை எனக்குத் தெரியும்.

நாடாளுமன்றக் கட்டடமான ரைஷ்டாக்கின் கண்ணாடிக் கும்மட்டத்துக்குக் கட்டணம் இல்லை. ஆனால் இணையத்தில் முன்பதிவு வேண்டும். எல்லோருடைய பெயரும் பிறந்த தேதியும் கேட்பார்கள். ஊரிலிருந்து கிளம்புமுன்பே பதிவு செய்துவிடுவது நல்லது. மாலை ஐந்தரை, ஆறு மணிக்கு நேரம் கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள். காலை நேரத்தை மட்டும் எடுக்காதீர்கள், அன்றைய நடை முழுவதும் ஓட்டமாகிவிடும். நுழைவாயிலில் அசல் பாஸ்போர்ட்டைக் காட்ட வேண்டும். பதிவு செய்யாதவர்கள் பாஸ்போர்ட்டை அறையிலேயே பத்திரமாக வைத்துவிட்டு நகலோடு வரலாம்.

உடுப்பு விஷயத்தில் ஒரே தடித்த ஜாக்கெட்டை நம்புவதைவிட, பனியன், சட்டை, ஸ்வெட்டர், அதன்மேல் மழைக்கும் காற்றுக்கும் தாங்கும் மெல்லிய ஜாக்கெட் என்று அடுக்கடுக்காகப் போடுங்கள். ரயிலுக்குள் சூடாக இருக்கும், தெருவில் காற்று அறையும்; கழற்றிக் கழற்றிப் போட வேண்டியிருக்கும். ஷூ புதிதாக இருக்கக் கூடாது. பயணத்துக்கென்று வாங்கிய ஷூவை முதல்முறையாக அன்றைக்குப் போட்டு, குதிகால் உரிந்து நின்றவர்கள் ஒவ்வொரு குழுவிலும் ஒருவராவது இருந்திருக்கிறார்கள்.

விடுதியின் முகவரியை ஒரு தாளில் எழுதி ஆளுக்கொன்று பையில் வையுங்கள். போனில் இருக்கிறதே என்பார்கள். பாதிப் பேருக்கு இந்த ஊர் சிம் வேலை செய்யத் தொடங்கியிருக்காது, மீதிப் பேருக்குப் படம் எடுத்தே சார்ஜ் போயிருக்கும்.

டிக்கெட்: இதில் மட்டும் அவசரம் கூடாது

பல்கலைக்கழகம் மாணவர்களுக்குத் தரும் பயணச் சீட்டான செமஸ்டர் டிக்கெட் கைக்கு வந்துவிட்டவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: அந்த டிக்கெட் போனில் இருக்கிறது. செக்கர் வரும்போது போன் அணைந்திருந்தால், டிக்கெட் இல்லாதவர் என்றுதான் எழுதுவார்.

மற்றவர்களுக்கு: ஊர் ஏ, பி, சி என்று மூன்று வளையங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. விமான நிலையம் சி-யில் இருக்கிறது. அங்கிருந்து வரும் அன்று ஏபிசி டிக்கெட் வேண்டும். ஊருக்குள் நடக்கும் நாளுக்கு ஏபி போதும். ஒற்றை டிக்கெட் இரண்டு மணி நேரம் செல்லும்; எத்தனை வண்டி வேண்டுமானாலும் மாறலாம், ஆனால் ஒரே திசையில்தான். போன வழியே திரும்பி வர அது செல்லாது.

குழுவாகப் போகிறவர்களுக்கு 24 மணி நேர டிக்கெட்டிலேயே ‘க்ளைன்குருப்பெ’ என்று ஒன்று உண்டு. சிறு குழு என்று பொருள். ஐந்து பேர் வரை ஒரே டிக்கெட்டில் போகலாம். பன்னிரண்டு பேர் என்றால் இப்படி இரண்டு, மீதி இருவருக்குத் தனி டிக்கெட். ஆனால் அந்த ஐந்து பேரும் நாள் முழுக்க ஒன்றாகவே இருக்க வேண்டும். யார் யார் எந்த ஐந்து என்று காலையிலேயே பிரித்துக்கொள்ளுங்கள்.

வாங்கியதும் வேலை முடியவில்லை. பிளாட்பார இயந்திரத்தில் வாங்கிய காகித டிக்கெட்டைப் பக்கத்திலேயே நிற்கும் சின்னப் பெட்டியின் வாயில் செருகினால் ‘டக்’ என்று தேதியும் நேரமும் விழும். அந்த முத்திரை விழாத டிக்கெட் செல்லாது. இங்கே நிலையங்களில் தடுப்புக் கதவு கிடையாது, யாரும் கேட்காமல் நேராக ரயிலில் ஏறிவிடலாம். அதனாலேயே புதிதாக வந்தவர்கள் ஏமாறுகிறார்கள். செக்கர்கள் சாதாரண உடையிலும் வருவார்கள். கதவு மூடியதும் கழுத்தில் தொங்கும் அட்டையைத் தூக்கிக் காட்டுவார்கள். டிக்கெட் வாங்கினேன், குத்தத் தெரியவில்லை என்றால் எடுபடாது. அபராதம் 60 யூரோ. ஆப் வழியாக வாங்கிய டிக்கெட்டுக்குக் குத்தும் வேலை இல்லை.

யாரும் தொலையாமல் இருக்க

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் குழுவில் திருநெல்வேலிப் பையன் ஒருவன் இருந்தான். பெரிய சந்திப்பு நிலையம் ஒன்றில் எல்லோரும் ஏறிவிட்டோம், அவன் மட்டும் பிளாட்பாரத்தில் எதையோ படம் எடுத்துக்கொண்டு நின்றான். ஓடி வருவதற்குள் மணி அடித்து, சிவப்பு விளக்கு எரிந்து, கதவு மூடிவிட்டது. அவனிடம் சிம் இல்லை. அடுத்த நிலையத்தில் நாங்கள் இறங்கித் திரும்பினோம்; அதே நேரத்தில் அவன் அடுத்த ரயிலில் ஏறி எங்களைத் தேடிப் போனான். எதிரெதிரே இரண்டு முறை தாண்டிப் போனோம். ஒன்றரை மணி நேரம். கடைசியில் பார்த்தபோது கை சில்லிட்டுப் போயிருந்தது அவனுக்கு. “அக்கா, நான் எங்க நிக்கணும்னே யாரும் சொல்லலியே” என்றான். சொல்லியிருக்க வேண்டியவள் நான்தான்.

அன்றிலிருந்து கிளம்புமுன் விடுதி வாசலில் நிற்கவைத்தே சொல்லிவிடுகிறேன். ரயிலில் ஏறியவர்கள் அடுத்த நிலையத்தில் இறங்கி அந்தப் பிளாட்பாரத்திலேயே நிற்க வேண்டும், விட்டுப்போனவர் அடுத்த ரயிலில் அங்கே வர வேண்டும். வேறு யாரும் எங்கும் நகரக் கூடாது. தெருவில் பிரிந்துவிட்டால், பிரிந்தவர் நின்ற இடத்திலேயே நிற்பார், குழு தேடி வரும். ஆளுக்கொரு துணை, இரண்டிரண்டு பேராகப் பார்த்துக்கொள்ளுங்கள். வழி தெரிந்தவர் முன்னால் போகட்டும், பொறுமையான ஒருவர் கடைசியில் வரட்டும். அந்தக் கடைசி ஆள்தான் முக்கியமானவர். அவர் வந்து சேர்ந்தால் எல்லோரும் வந்தாயிற்று.

அவசரத்துக்கு 112, காவல்துறைக்கு 110.

தெருவில் முதல் அரை மணி நேரம்

ரயில் கதவு தானாகத் திறக்காது, பொத்தானை அழுத்த வேண்டும். நகரும் படிக்கட்டில் வலப்புறம் நில்லுங்கள், இடப்புறம் நடப்பவர்களுக்கு. பன்னிரண்டு பேரும் பரவி நின்று பேசினால் பின்னால் பெருமூச்சு கேட்கும்.

நடைபாதையிலேயே ஒரு பட்டை சிவந்த கல்லோ தாரோ போட்டிருக்கும். அது சைக்கிள் பாதை. வேகமாக வருவார்கள், சத்தமே இருக்காது. குழுப் படம் எடுக்க எல்லோரும் பின்னால் நகர்ந்து நிற்பது எப்போதும் அந்தப் பட்டையில்தான். ஊருக்கு வந்த முதல் வாரத்தில் அடிபடுவது பெரும்பாலும் இப்படித்தான், அதனால் இதை நான் திரும்பத் திரும்பச் சொல்வேன்.

சாலையில் வண்டியே இல்லாவிட்டாலும் சிவப்பு விளக்குக்கு நில்லுங்கள். அபராதம் ஐந்து யூரோதான். ஆனால் பக்கத்தில் குழந்தை நிற்கும்போது கடந்தால் பெரியவர்கள் முகத்துக்கு நேராகவே கண்டிப்பார்கள். விளக்கில் தொப்பி போட்ட ஒரு குட்டி மனிதன் தெரிவான். கார்ல் பெக்லாவ் என்பவர் 1961இல் கிழக்கு பெர்லினில் வடிவமைத்தது. ஊர் ஒன்றான பிறகு அவனைத் தூக்கிவிடப் பார்த்தார்கள், மக்கள் விடவில்லை. இப்போது மேற்கிலும் பல இடங்களில் அவன் நிற்கிறான்.

பெர்னாவர் ஷ்ட்ராஸெ: இங்கே இரண்டு மணி நேரம் கொடுங்கள்

யூ8 சுரங்க ரயிலில் ஏறி ‘பெர்னாவர் ஷ்ட்ராஸெ’ நிலையத்தில் இறங்குங்கள். ஷ்ட்ராஸெ என்றால் தெரு. ஒன்பதரை மணிக்கு வந்து சேர்ந்தால் நல்லது. நீங்கள் இறங்கும் அந்தப் பிளாட்பாரத்தில் 1961 முதல் 1990 வரை எந்த ரயிலும் நின்றதில்லை. மேற்கு பெர்லின் ரயில்கள் கிழக்கின் அடிவயிற்றின் வழியாக ஓடின; இடையில் வந்த நிலையங்களை மூடி, மங்கல் வெளிச்சத்தில் காவலர்களை நிறுத்தியிருந்தார்கள். மக்கள் அவற்றுக்கு வைத்த பெயர் பேய் நிலையங்கள்.

மேலே வந்து தென்மேற்காக நடந்தால் இடது கைப்பக்கம் முழுவதும் திறந்தவெளி நினைவிடம். மொத்தம் 1.4 கிலோமீட்டர். கட்டணமும் கதவும் இல்லை. துருப்பிடித்த இரும்புக் கம்பிகள் வரிசையாக நட்டிருப்பதுதான் சுவர் நின்ற கோடு. கம்பிகளுக்கு நடுவே நுழைந்து அந்தப் பக்கம் போய், மறுபடி இந்தப் பக்கம் வாருங்கள். நான் எல்லோரையும் ஒருமுறை இதைச் செய்யச் சொல்வேன். இரண்டு அடி எடுத்து வைக்கும் வேலை. அதற்காக இந்த ஊர்ச் சுவரில் குறைந்தது 140 பேர் உயிரிழந்தார்கள்.

இந்தத் தெருவுக்கு ஒரு தனிக் கொடுமை இருந்தது. இடது பக்க வீடுகள் கிழக்கு. அந்த வீடுகளின் வாசற்படிக்குக் கீழே இருந்த நடைபாதை மேற்கு. எல்லை மூடிய முதல் நாட்களில் மக்கள் ஜன்னல் வழியாகக் குதித்தார்கள். கீழே மேற்குத் தீயணைப்பு வீரர்கள் வலை பிடித்து நின்றார்கள். பிறகு வாசல்களை அடைத்தார்கள், ஜன்னல்களைச் செங்கல் வைத்துப் பூசினார்கள். 48ஆம் எண் வீட்டில் இருந்த ஈடா சீக்மான் 1961 ஆகஸ்ட் 22 அன்று காலை மெத்தை விரிப்புகளைக் கீழே வீசிவிட்டு அவற்றின்மேல் விழலாம் என்று குதித்தார். பிழைக்கவில்லை. சுவரின் முதல் பலி அவர். மறுநாள் அவருக்கு 59ஆம் பிறந்தநாள்.

கொஞ்ச தூரத்தில் நிலத்துக்கடியில் போன சுரங்கத்தின் தடத்தைக் குறித்திருக்கிறார்கள். மேற்குப் பக்கம் மூடிக்கிடந்த ஒரு பேக்கரியின் நிலவறையிலிருந்து தோண்டியது. தோண்டியவர்களில் பெரும்பாலோர் உங்களைப் போல மாணவர்கள். 1964 அக்டோபரில் இரண்டு இரவுகளில் 57 பேர் அதன் வழியாகத் தப்பி வந்தார்கள்.

அடுத்து ஒரு நீள்வட்டமான சிறு தேவாலயம் வரும். எல்லைப் பட்டையின் நடுவில் சிக்கியிருந்த பழைய தேவாலயத்தை 1985 ஜனவரியில் கிழக்கு அரசு வெடிவைத்துத் தகர்த்தது. அதே இடத்தில் 2000ஆம் ஆண்டு எழுந்தது இது. உள்ளே போய்ச் சுவரைத் தொட்டுப் பாருங்கள். சிமென்ட் இல்லை, மண். நம் ஊரில் பாட்டி வீட்டு மண்சுவரின் சொரசொரப்புதான். மண்ணை இடித்து இறுக்கும்போது தகர்ந்த தேவாலயத்தின் செங்கல் துண்டுகளையும் சேர்த்தே இடித்திருக்கிறார்கள். உற்றுப் பார்த்தால் சிவப்புச் சில்லுகள் தெரியும். பழைய கட்டடத்தைக் கொன்றவர்கள்மேல் கோபத்தைக் காட்டாமல், அதன் எலும்புகளை எடுத்துப் புதிய உடம்புக்குள் வைத்த இந்த முடிவை நான் ஒவ்வொரு முறையும் வியக்கிறேன்.

தாண்டியதும் வலது பக்கம் ஆவண மையம். அதன் பார்வை மேடைக்கு ஏறுங்கள். எதிரே எல்லையின் ஒரு துண்டை அன்றிருந்ததைப் போலவே வைத்திருக்கிறார்கள்: முன்சுவர், வெறும் மணல் பட்டை, காவல் கோபுரம், பின்சுவர். தரையில் நிற்கும்போது சுவர் ஒன்றுதான் என்று நினைத்திருப்பீர்கள். மேலிருந்து பார்த்தால்தான் இரண்டு சுவருக்கு நடுவே கிடந்த வெற்றிடம் புரியும்.

கீழே இறங்கிச் சாலையைக் கடந்தால், இறந்தவர்களின் முகங்களை மாடம் மாடமாக வைத்த இரும்புச் சுவர் இருக்கிறது. குழந்தைகளின் படங்களும் உண்டு. சில மாடங்களில் யாராவது பூ வைத்திருப்பார்கள். இங்கே விளக்கம் சொல்ல வேண்டாம். குழுவைச் சற்று நேரம் விட்டுவிடுங்கள்.

தெரு முடியும் இடத்தில் நோர்ட்பான்ஹோஃப் நிலையம். படியிறங்கினால் இடைத்தளத்திலேயே பேய் நிலையங்களைப் பற்றிய கண்காட்சி, இலவசம். பத்து நிமிடம் போதும், குளிருக்கும் ஒதுங்கலாம்.

சாப்பாடு

இன்வாலிடன் ஷ்ட்ராஸெ வழியாக நடந்து சொஸே ஷ்ட்ராஸெயில் இடப்பக்கம் திரும்புங்கள். வழியில் டொரோத்தேயன்ஷ்டாட் கல்லறைத் தோட்டம் வரும். தத்துவவாதி ஹெகலும் நாடக ஆசிரியர் பிரெக்ட்டும் இங்கேதான் இருக்கிறார்கள். விருப்பமுள்ளவர்கள் ஐந்து நிமிடம் போய் வரட்டும், பசிக்கிறவர்களைக் கட்டாயப்படுத்த வேண்டாம்.

ஓரானியன்புர்கர் டோர் பக்கம் சின்னச் சாப்பாட்டுக் கடைகள் நிறைய. முதல் நாளுக்கு, ரொட்டிக்குள் இறைச்சி வைத்துத் தரும் டோனர் கெபாப் கடையே நல்லது. வயிறு நிறையும், காத்திருக்க வேண்டாம். 1961இல் துருக்கியோடு போட்ட ஒப்பந்தத்தின்படி தொழிலாளர்களாக வந்தவர்கள் இந்த ஊருக்குக் கொடுத்த உணவு அது. சைவக்காரர்கள் கவனியுங்கள்: ‘கெம்யூஸெ கெபாப்’ என்று எழுதியிருக்கும். கெம்யூஸெ என்றால் காய்கறி. பார்த்ததும் நம் ஆட்கள் சைவம் என்று நினைத்து வாங்கிவிடுவார்கள். பெரும்பாலான கடைகளில் அது வறுத்த காய்கறி போட்ட கோழி. கொண்டைக்கடலை உருண்டையான ஃபலாஃபெல் கேளுங்கள், அல்லது ஹலூமி என்ற பாலாடைக்கட்டி. “ஓனே ஃப்ளைஷ்” என்றால் இறைச்சி இல்லாமல். மாட்டிறைச்சி வேண்டாதவர்கள் “ஹென்ஷன்” என்று கேட்டால் கோழி.

தண்ணீர் பாட்டிலில் ‘ஷ்டில்’ என்று இருந்தால் வெறும் தண்ணீர், இல்லையென்றால் சோடா. உண்மையில் வாங்கவே தேவையில்லை. குழாய்த் தண்ணீரைத் தயங்காமல் குடிக்கலாம், விடுதியிலேயே நிரப்பி வாருங்கள். வாங்கினால் காலி பாட்டிலை எறியாதீர்கள். ஒருமுறைப் பயன்பாட்டுப் பிளாஸ்டிக் பாட்டிலுக்கும் கேனுக்கும் 25 சென்ட் வைப்புத்தொகை உண்டு, சூப்பர்மார்க்கெட் இயந்திரத்தில் போட்டால் திரும்பக் கிடைக்கும். தூக்கிச் சுமக்க முடியாவிட்டால் குப்பைத் தொட்டிக்குள் போடாமல் அதன் பக்கத்தில் வைத்துவிடுங்கள். அதைப் பொறுக்கிக் காசாக்கி வாழ்பவர்கள் தொட்டிக்குள் கைவிட வேண்டியிராது.

சில கடைகளில் கார்டு வாங்க மாட்டார்கள். ஆளுக்கு இருபது யூரோ ரொக்கமும் சில்லறையும் இருக்கட்டும். கழிப்பறைக்கும் பல இடங்களில் காசு. சாப்பிட்ட கடையிலேயே போய்விட்டுக் கிளம்புவது நல்லது.

ஃப்ரீட்ரிஷ் ஷ்ட்ராஸெ: நம்மவர்கள் கடந்த வாசல்

தெற்கே நடந்து ஷ்ப்ரே ஆற்றுப் பாலத்தைக் கடந்ததும் வலப்புறம், ஃப்ரீட்ரிஷ் ஷ்ட்ராஸெ ரயில் நிலையத்தை ஒட்டி, கண்ணாடியும் வெளிர்நீல ஓடுமாக ஒரு கூடம். ட்ரேனன்பலாஸ்ட், கண்ணீர் மாளிகை. 1962இல் கட்டியது. கிழக்கிலிருந்து மேற்கு போகிறவர்கள் இங்கேதான் சோதனை முடிந்து போக வேண்டும். வழியனுப்ப வந்தவர்கள் வாசலோடு நின்று அழுதுவிட்டுத் திரும்புவார்கள். பெயர் மக்கள் வைத்தது. இப்போது அருங்காட்சியகம், இலவசம். உள்ளே பாஸ்போர்ட் சோதனைக் கூண்டு ஒன்று அப்படியே இருக்கிறது. ஆள் ஒருவர் மட்டும் நிற்கும் அகலம். அதில் நின்று பாருங்கள்.

இந்த நிலையத்தை நான் விடாமல் காட்டுவதற்கு இன்னொரு காரணம் உண்டு. 1980களில், குறிப்பாக 1983 கலவரத்துக்குப் பின், இலங்கையிலிருந்து தப்பி ஓடிய தமிழர்கள் பலர் கிழக்கு பெர்லினின் ஷ்யோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கினார்கள். நீங்கள் வந்திறங்கிய விமான நிலையம் அதன் பக்கத்தில் விரிந்ததுதான். கிழக்கு அவர்களைக் கடந்துபோக விட்டது. மேற்கு நாடுகள் இந்தச் சுவரை நாட்டு எல்லையாக ஏற்காததால் மேற்குப் பக்கம் பாஸ்போர்ட் சோதனை இல்லை. ஃப்ரீட்ரிஷ் ஷ்ட்ராஸெயில் ரயில் ஏறினால் அடுத்த சில நிமிடத்தில் மேற்கு பெர்லின். அங்கே அடைக்கலம் கேட்டார்கள். ஒரு ஊரையே அடைத்து வைத்த எல்லையில் நம்மவர்களுக்கு ஒரு கீற்றுத் திறந்திருந்தது. இன்று ஜெர்மனியில் தமிழ்க் கடையும் கோயிலும் தமிழ்ப் பள்ளியும் இருக்கின்றன என்றால், அவற்றை எழுப்பியவர்களில் பலர் இந்தப் பிளாட்பாரத்தில் பையோடு நின்றவர்கள். விசா, வங்கிக் கணக்கு, சேர்க்கைக் கடிதம் எல்லாம் கையில் வைத்துக்கொண்டு வந்த நாம் இங்கே ஒரு நிமிடம் நின்றுவிட்டுப் போவது முறை.

பேபெல் பிளாட்ஸ்

இங்கிருந்து உன்டர் டென் லின்டன் சாலைக்குப் போய் இடப்பக்கம் திரும்புங்கள். ஒருபக்கம் 1810இல் தொடங்கிய ஹும்போல்ட் பல்கலைக்கழகம், எதிரே கல் பாவிய பெரிய சதுக்கமான பேபெல் பிளாட்ஸ். சதுக்கத்தின் நடுவே தரையில் ஒரு கண்ணாடி பதித்திருக்கிறது. பகலில் வானம்தான் அதில் தெரியும், பலர் மிதித்துக்கொண்டே போவார்கள். குனிந்து இரண்டு கையையும் கண்ணுக்குப் பக்கத்தில் குவித்துப் பாருங்கள். கீழே ஒரு வெள்ளை அறை, நாலு பக்கமும் புத்தக அலமாரி. ஒரு புத்தகம்கூட இல்லை. மிஹா உல்மன் என்ற இஸ்ரேலியக் கலைஞர் செய்தது. இருபதாயிரம் புத்தகம் கொள்ளும் இடம்.

ஹிட்லரின் நாஜி ஆட்சியில், 1933 மே 10 இரவு இந்தச் சதுக்கத்தில் ஏறத்தாழ அத்தனை புத்தகங்களை எரித்தார்கள். எரித்ததில் முன்னின்றவர்கள் மாணவர்கள். எதிரே தெரியும் பல்கலைக்கழகத்தில் படித்தவர்களும் அதில் இருந்தார்கள். மாணவர் குழுவோடு வரும்போது இதைச் சொல்லாமல் போக எனக்கு மனம் வருவதில்லை.

மறுபடி சுவருக்கு

திரும்பி மேற்கே இருபது நிமிட நடை. பிராண்டன்புர்க் வாசல். 1791இல் முடிந்தது. மேலே உள்ள நாலு குதிரைத் தேரை 1806இல் நெப்போலியன் பாரிசுக்கே கொண்டுபோய்விட்டார். 1814இல் மீட்டு வந்தார்கள். படம் எடுங்கள், பையை முன்பக்கம் மாட்டிக்கொண்டு எடுங்கள். தாளும் பேனாவும் நீட்டிக் கையெழுத்துக் கேட்பவர்களைக் கடந்து போய்விடுங்கள். ஒருவர் பேச்சுக் கொடுக்கும்போது இன்னொருவர் கை உங்கள் பையில் இருக்கும்.

வாசலுக்குள் புகுந்து மேற்குப் பக்கம் வந்ததும் சாலையில் குனிந்து பாருங்கள். தாருக்கு நடுவே இரண்டு வரிசைக் கற்கள் ஓடும். காலையில் கம்பிகளாகப் பார்த்த அதே சுவர்தான். கார்கள் அதன்மேல் ஏறிப் போகின்றன.

அந்தக் கல்வரிசையை ஒட்டியே இடப்புறம் ஐந்து நிமிடம் நடந்தால் நாஜிகளால் கொல்லப்பட்ட யூதர்களுக்கான நினைவிடம். 2,711 கான்கிரீட் கட்டைகள், பீட்டர் ஐசன்மனின் வடிவமைப்பு, 2005இல் திறந்தது. ஓரத்தில் முழங்கால் உயரம். உள்ளே போகப் போகத் தரை தாழும், கட்டைகள் தலைக்கு மேலே போகும், தெருச் சத்தம் அடங்கிவிடும். நாள் முழுக்க இரண்டிரண்டு பேராக நடந்தவர்களை இங்கே மட்டும் தனித்தனியாக அனுப்புங்கள். எந்த மூலையில் எத்தனை மணிக்குச் சேர வேண்டும் என்று முன்பே சொல்லிவிடுங்கள். கட்டைகள்மேல் ஏறுவது, தாவுவது, சிரித்துக்கொண்டு படம் எடுப்பது எதுவும் கூடாது. இது ஒரு குடும்பத்தின் துக்க வீடு என்று நினைத்துக்கொண்டால் எப்படி நடந்துகொள்வது என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

திரும்பும் வழி

கும்மட்டத்துக்குப் பதிவு செய்தவர்கள் ரைஷ்டாக்குக்குப் பத்து நிமிடத்தில் நடந்துவிடலாம். நார்மன் ஃபாஸ்டர் வடிவமைத்து 1999இல் திறந்த கும்மட்டம் அது. சுழன்று ஏறும் பாதையில் மேலே போனால் காலையிலிருந்து நடந்த வழி முழுவதும் விளக்கு வெளிச்சத்தில் கிடக்கும். பதிவு இல்லாதவர்கள் பக்கத்து நிறுத்தத்தில் 100ஆம் எண் பஸ் பிடித்து மாடியில் முன்வரிசையில் உட்காருங்கள். சாதாரண டிக்கெட் போதும். வந்த சாலை வழியாகவே அலெக்சாண்டர் பிளாட்ஸ் வரை கூட்டிப் போகும். ஏறுமுன் தலைகளை எண்ணிவிடுங்கள்.

விடுதிக்குப் பக்கத்துச் சூப்பர்மார்க்கெட்டில் நுழைந்து பாட்டில்களை இயந்திரத்தில் போட்டு, சீட்டைப் பத்திரமாக எடுத்துக்கொள்ளுங்கள்; கல்லாவில் கழித்துக்கொள்வார்கள். சொந்தப் பை வைத்திருங்கள், பொருளைச் சரசரவென்று தள்ளுவார்கள், நீங்கள்தான் அள்ளிப் போட வேண்டும். தயிருக்கு ‘நாட்டூர் யோகுர்ட்’ என்று எழுதிய டப்பாவை எடுங்கள். மற்றதெல்லாம் இனிப்பாகவோ பழம் கலந்தோ இருக்கும். 3.5 சதவீதக் கொழுப்பு உள்ளது நம் வீட்டுத் தயிர்ச் சாதத்துக்குச் சரியாக இருக்கும். பத்து மணிக்கு மேல் விடுதியில் அமைதி நேரம், அதற்குள் குக்கர் விசில் அடங்கிவிட வேண்டும்.